ஈரக் கழிவு

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.
எங்கே பிறந்தாள் புஸ்பராணி?
ஒரு பேட்டியில் பதுளை என்கிறாள்,
இன்னொன்றில் சேரம்பாடி, லைன் வீடு, நாலாம் நம்பர்.
நேற்று என்னிடம்,
"கப்பல்லனு போடுங்கண்ணே. ராமேஸ்வரம் வர்றதுக்குள்ள."
தாயகம் திரும்பியோர் சான்றிதழைத் தேடி எடுத்தேன்.
பெயர் இல்லை.
பெண் குழந்தை ஒன்று என்று இருக்கிறது.

பதிப்பகம் கேட்டது இருநூற்று நாற்பது பக்கம்,
புத்தகக் காட்சிக்குள்.
அட்டைப்படம் தயார்:
முதுகில் கூடை, கையில் போன், பின்னால் மூடுபனி.
பனியைக் கணினியில் சேர்த்திருக்கிறார்கள்.
அன்று நல்ல வெயில், நான் அங்கேதான் நின்றேன்.

பதினேழு லட்சம் பேர் பார்க்கிற பெண்ணுக்கு
வீட்டில் டவர் கிடையாது.
யானை சாய்த்த கம்பிவேலி தாண்டி
வளைவுப் பாறையில் ஏறினால் இரண்டு கோடு.
அந்தப் பாறைக்கு இப்போது ஆட்கள் வருகிறார்கள்.
நிலம்பூரிலிருந்து ஒரு ஜோடி
அதன்மேல் நின்று, அவளைப் போலவே
கெட்ட வார்த்தை சொல்லிப்
படமெடுத்துக்கொண்டு போனது.

அந்த வீடியோவை
நூறு முறையாவது ஓட்டியிருப்பேன்.
இரண்டு நிமிடம் பதினொரு நொடி.
கொழுந்து எடை போடும் கொட்டகை.
மூட்டையைக் கீழே தள்ளிவிட்டுத்
தானே தராசில் ஏறி நிற்கிறாள்.
"ஆஸ்பத்திரியில அம்பத்தெட்டு. இங்க அம்பத்தாறு.
ரெண்டு கிலோ புஸ்பத்த எவன்டா தின்னது?"
பிறகு கேமரா எழுத்தர் முகத்துக்குத் திரும்பி
அங்கேயே நின்றுவிடுகிறது, நாற்பது நொடி.
அவர் பேனாவை மூடுகிறார்.
திறக்கிறார்.
மூடுகிறார்.

மேட்டுப்பாளையத்தில் அவரைக் கண்டுபிடித்தேன்.
உருளைக்கிழங்கு மண்டியில் சீட்டு எழுதுகிறார்,
இன்னமும் முகக்கவசத்தோடு.
மகள் நிச்சயதார்த்தம் நின்றதை அவர் சொல்லவில்லை,
எனக்கும் தெரியாது என்றே உட்கார்ந்திருந்தேன்.
"அது ஈரக் கழிவு சார். மழைத் தண்ணி எடை.
மேல இருந்து வந்த உத்தரவு."
மாசியிலுமா?
"மாசியிலயும் எழுதச் சொன்னாங்க."
எழுந்து வந்தபோது பின்னாலேயே வந்தார்.
"புக்குல என் பேர் வருமா?"
மாற்றிவிடலாம் என்றேன்.
"மாத்தாதீங்க. ஞானசிகாமணி.
அந்தப் பொண்ணு ஞானமணினு போட்டுருச்சு.
ஊரே ஞானமணியத் திட்டுது,
யாரோ ஒருத்தன் எனக்காக வாங்கிக் கட்டிக்கிற மாதிரி இருக்கு.
திட்டினா சரியாத் திட்டட்டும்."

ஏழாம் அத்தியாயம், விளம்பரம்.
அதே தொழிற்சாலை டீத்தூள்,
கால் கிலோ பொட்டலத்தில் அவள் சிரிப்பு.
கேட்டேன்.
"திருடுன ரெண்டு கிலோவத்தாண்ணே
தவணையில வாங்குறேன்."
நல்ல வரி.
முன்பே யோசித்து வைத்திருந்தாள்.

கொட்டகைக்கும் போனேன்.
புதுத் தராசு, சிவப்பு எண்கள்.
யாருமில்லாத நேரம் செருப்பைக் கழற்றாமல் ஏறினேன்.
குன்னூர் வீட்டில் எழுபத்தொன்று.
இங்கே அறுபத்தொன்பது.
இதை எங்கே வைப்பது?
அவள் சொன்னது உண்மை என்கிற பக்கத்திலா,
சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை என்கிற பக்கத்திலா?
ஞானசிகாமணியை எங்கே உட்கார வைப்பது?

இரவு பத்தரைக்கு அழைப்பு. காற்றின் இரைச்சல்.
பாறைமேல் நிற்கிறாள்.
"அண்ணே, நான் எத்தனாம் பக்கத்துல அழுவுறேன்?"
நீ எங்கே அழுதாய் என்றேன்.
"வாங்குறவங்க அதத்தான் தேடுவாங்க.
ஒரு எடத்துல போடுங்க. கப்பல் எடத்துல.
பொறந்த புள்ள அழுகாமயா இருக்கும்?"
சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது, டவர்.

கூடலூர் லாட்ஜின் தகரத்தில்
மழை இறங்கிவிட்டது.
முதல் வரியை அடித்துவிட்டு
மறுபடி அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.
காலையில் கொழுந்து நனைந்து வரும்.
நாளை ஒருநாள்
அந்த இரண்டு கிலோ நியாயம்தான்.